கும்மியில் நின்ற கால்

ஜனவரி 17, புதன்

பொங்கலுக்கு வந்திருந்த மகள் கோகிலவாணி இன்று காலை கோயமுத்தூர் திரும்பினாள். கிளம்பும்போது இந்த டைரியைக் கொடுத்து, "அப்பா, தினமும் எழுதுங்க. நாலு வரின்னாலும் போதும். ஆனா எழுத்துப் பெருசு பெருசா இருக்கோணும்" என்றாள். அவள் பல் டாக்டர். பல்லைப் பார்க்கிறவள் இந்த மூன்று நாளும் என் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைச் சீட்டு ஒன்றில் கையெழுத்துப் போடச் சொல்லி, "ஏப்பா இத்தன பொடிசா எழுதறீங்க?" என்று கேட்டாள். பேனா சரியில்லை என்றேன்.

சரி, எழுதுவோம். பெயர் சென்னியப்பன். வயது அறுபத்தேழு. ஊத்துக்குளியில் வெண்ணெய், நெய் வியாபாரம். அப்பன் பாட்டன் வைத்துவிட்டுப் போன கடை இல்லை. பதினாலு வயதில் சைக்கிளில் வெண்ணெய்ப் பாத்திரத்தைக் கட்டித் திருப்பூருக்கு மிதித்துத் தொடங்கியது. படிப்பு எட்டாவதோடு நின்றுவிட்டது. எனக்கு முதல் போட்டது என் மூக்குதான். வெண்ணெயைப் புறங்கையில் தேய்த்து, உடம்புச் சூட்டில் உருகும்போது ஒரு தரம் மோந்தால் எருமையா பசுவா, எத்தனை நாள் தயிர், ஃப்ரிட்ஜில் கிடந்ததா என்று சொல்லிவிடுவேன். வாங்க வருகிறவர்கள் டின்னைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை. "சென்னியப்பன் மோந்தாச்சா?" என்று கேட்பார்கள். மோந்தாச்சு என்றால் ஏற்றிக்கொண்டு போவார்கள்.

நாலு வரிக்கு மேலேயே ஆகிவிட்டது. இன்றைக்குப் போதும்.

ஜனவரி 19, வெள்ளி

நெய் காய்ச்சும் நாள். அடுப்பைப் பார்த்துக்கொள்கிற மாரப்பன், தீபாவளிக்கு மிஞ்சிய டின்களைத் தூக்கிவந்து, "இதையும் இதோட கலந்தரட்டுங்களா?" என்று கேட்டான். மோந்தேன். ஒரு வாடையும் இல்லை. கலக்கச் சொன்னேன். அவன் அங்கேயே நின்றான்.

"ஏன்டா நிக்கற?"

"ஒண்ணுமில்லீங். நீங்க மோந்தாச்சல்ல."

சளி பிடித்திருக்கும் போல. மூக்கைச் சிந்தினால் ஒன்றும் வரவில்லை. கற்பூரவல்லி இலையை மென்று பார்த்தேன். இலை மாதிரி இருந்தது.

ஜனவரி 22, திங்கள்

சாப்பிடும்போது ராமாத்தாள் ஒரு குண்டைப் போட்டாள்.

"ஏனுங்க, நான் கும்மிக்குப் பேரு குடுத்துட்டு வந்துட்டனுங்க."

எங்கள் பக்கத்தில் இப்போது ஊருக்கு ஊர் வள்ளி கும்மி. மைக்கில் வாத்தியார் வள்ளி கதையைப் பாட, மத்தளம் அடிக்க, சின்னது பெரியது எல்லாம் வட்டமாக நின்று கையைத் தட்டிக் குனிந்து நிமிர்ந்து சுற்றி வருவார்கள். இரண்டு மாதம் பழகிவிட்டு ஒரே நிறத்தில் துணி எடுத்துக் கட்டிக்கொண்டு ஊர் முன்னால் அரங்கேற்றம் செய்வார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் அறுபத்து மூன்று வயதில் முட்டி வலிக்கு மாடிக்குத் துணி காயப்போடப் போகாதவள் கும்மி அடிக்கப் போகிறாளாம்.

"முட்டி என்னாவறது?"

"ஆடுனா செரியாப் போயிருமுங்க."

"எந்த டாக்டரு சொன்னான்?"

"கோகிலா சொல்லுச்சுங்க."

பல் டாக்டர் முட்டிக்கு வைத்தியம் சொல்கிறாள். பொழுது சாய்ந்து ஏழு மணிக்குக் கோயில் மைதானத்தில் நான் கொண்டுபோய் விட வேண்டுமாம். முடியும் வரை அங்கேயே உட்கார்ந்திருந்து கூட்டிவரவும் வேண்டுமாம். ஆட்டோவில் போ என்றேன். "தனியா வர்றதுக்குப் பயமா இருக்குதுங்க" என்றாள். பிறந்து வளர்ந்து கட்டிக்கொண்ட ஊரில் இவளுக்குப் பயம்!

ஜனவரி 25, வியாழன்

மைதானத்தில் ஒரு பிளாஸ்டிக் சேரில் உட்கார்ந்திருந்தேன். எண்பது பேர் இருப்பார்கள். வாத்தியார் கதிர்வேல் பகலில் லாரிப் பட்டறை வைத்திருப்பவன். குரல் கணீரென்று இருக்கிறது. ராமாத்தாள் ஒரு காலை வைத்து மறு காலை யோசித்து வைக்கிறாள். அவளுக்குப் பக்கத்தில் பழனாத்தாள். எழுபத்தொரு வயது. குன்னத்தூர்ப் பக்கமிருந்து எனக்கு வெண்ணெய் போடுகிறவள். குதிக்கிறாள், சுற்றுகிறாள், தப்பாகத் திரும்பிப் பின்னால் வருகிற பள்ளிக்கூடப் பிள்ளைகள்மேல் மோதுகிறாள், சிரிக்கிறாள்.

இடைவேளையில் தண்ணீர் குடிக்க வந்தவள் என்னைப் பார்த்து, "ஏந் தம்பி, சேருக்குக் காவலுக்கு வந்தீங்களா?" என்றாள்.

"உன்னாட்டம் வேலவெட்டி இல்லாம இருந்தா நானும் குதிப்பேன்க்கா."

"வெடியால நாலு மணிக்கு எந்திரிச்சு ஏழு எருமை கறக்கறனுங். அதுக்கப்பறம் குதிக்கறதுதான் எனக்கு ஓய்வு. உக்காந்தா இடுப்புப் புடிச்சுக்கும்."

இன்று காலை கடைக்குள் நுழையும்போது வாசற்படியில் கால் மாட்டிக்கொண்டது. புதிதாகப் போட்ட டைல்ஸ் சரியில்லை. கொத்தனாரைக் கூப்பிட வேண்டும்.

பிப்ரவரி 2, வெள்ளி

கெட்ட நாள்.

திருப்பூர் ஆறுச்சாமி வந்தான். கல்யாணச் சமையல் எடுத்துச் செய்கிறவன். என் நெய்யில் பாதி அவன் அடுப்புக்குத்தான் போகிறது. டின்னைக் கடை நடுவில் தொப்பென்று வைத்தான். ஒரு கல்யாணத்தில் மைசூர்பாகு முழுவதும் கெட்டுப்போன நெய்க் காரல் அடித்து, பெண் வீட்டார் பந்தியில் வைத்தே கேட்டுவிட்டார்களாம்.

"அண்ணா, நீங்களே மோந்து பாருங்க."

கடையில் நாலு பேர் இருந்தார்கள். குனிந்து மோந்தேன். டின்னில் தண்ணீர் இருந்தாலும் எனக்கு அப்படித்தான் இருந்திருக்கும். அதைச் சொல்ல முடியுமா? மூக்கைச் சுளித்தேன். "ஆமா, காரல்தான்" என்றேன். "பழனாத்தா வெண்ணெயா இருக்கும். வயசாச்சு, பழைய தயிரக் கலந்திருப்பா."

வாய்க்கு முதலில் வந்த பெயர் அதுதான். அந்த நேரம் பார்த்து அவளே வெண்ணெய்த் தூக்கோடு உள்ளே வந்தாள். கேட்டுவிட்டாள்.

"ஏந் தம்பி, என் வெண்ணெயா?"

"பின்ன யாருதுக்கா?"

"நீங்க மோந்துதான எடுத்தீங்க? மோந்து, தலைய ஆட்டி, உள்ள வெய்யுன்னு சொன்னீங்கல்ல? அன்னிக்கு உங்க மூக்கு எங்க போயிருந்துச்சு?"

நாலு பேரும் என்னைப் பார்த்தார்கள். அடுப்படியில் மாரப்பன் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். வியாபாரி அந்த இடத்தில் பின்வாங்கினால் கடையை மூட வேண்டியதுதான். "இனி உன் வெண்ணெய் வேண்டாம்க்கா" என்றேன். அவள் தூக்கை எடுத்துக்கொண்டு போனாள்.

ஆறுச்சாமிக்கு வேறு டின் கொடுத்து அனுப்பினேன். அவன் போனபிறகு மாரப்பன் மெதுவாக, "அது தீபாவளி டின்னுங்" என்றான். வாயை மூடிக்கொண்டு வேலையைப் பார்க்கச் சொன்னேன்.

பிப்ரவரி 3, சனி

பழனாத்தாள் கும்மிக்கு வந்திருந்தாள். என் பக்கம் திரும்பவில்லை. ராமாத்தாள் அவளோடேதான் நின்று ஆடினாள்.

பிப்ரவரி 6, செவ்வாய்

கொத்தனார் வந்து பார்த்துவிட்டு, டைல்ஸ் மட்டமாகத்தான் இருக்கிறது என்கிறான்.

அப்புறம் ஏன் கால் அங்கேயே நிற்கிறது? இன்று ஈரோட்டு வியாபாரி முன்னால் நின்றுவிட்டது. தரையோடு ஒட்டின மாதிரி. உடம்பு முன்னால் போகிறது, கால் வரமாட்டேன் என்கிறது. செருப்பு வாரைச் சரிசெய்வதுபோலக் குனிந்து நேரம் கடத்தினேன். அவன் கவனித்தானா தெரியவில்லை. கையைப் பையில் வைத்துக்கொண்டேதான் பேசினேன். வெளியே எடுத்தால் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் உருண்டை பிடிப்பதுபோல் தானாக உருட்டிக்கொண்டிருக்கிறது.

பிப்ரவரி 11, ஞாயிறு

கோகிலா வந்து கோயமுத்தூருக்கு இழுத்துக்கொண்டு போனாள். நரம்பு டாக்டர். சின்ன வயசுக்காரர். விரலைத் தட்டச் சொன்னார், எழுதச் சொன்னார், வராந்தாவில் நடந்து திரும்பச் சொன்னார். திரும்பும்போது நின்றுவிட்டேன். பிறகு ஒரு பேர் சொன்னார்.

"மூக்கு வருமுங்களா?" என்று கேட்டேன். நடுக்கத்தைப் பற்றி நான் கேட்கவில்லை என்று அவருக்கு ஆச்சரியம். "இந்த வியாதியில மொதல்ல மூக்குதாங்க போகும். கை ஆடறதுக்குப் பல வருஷம் முன்னாலேயே போயிரும். வர்றது கஷ்டம்" என்றார்.

மாத்திரை எழுதினார். "மாத்திரை பாதிதான். உடம்பு அசையணும். சும்மா வாக்கிங் இல்ல. தாளத்துக்கு ஆடுங்க, பந்து விளையாடுங்க, திரும்புங்க, குனியுங்க. விளையாட்டு மாதிரி செஞ்சாத்தான் விடாமச் செய்வீங்க" என்றார். நான் நெய் வியாபாரி, சின்னப் பையன் இல்லை என்றேன். சிரித்தார்.

காரில் வரும்போது நான் அந்தப் பேரை வாயில் எடுக்கவில்லை. ராமாத்தாள் சன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "நடுக்குவாதம். சொன்னா என்னுங்க? சொன்னா வாய் வெந்தா போயிரும்?"

பிப்ரவரி 12, திங்கள்

வீட்டிலும் கடையிலும் ஒரே உத்தரவு. வெளியே ஒரு வார்த்தை போகக்கூடாது. கால் நின்றால் மூட்டு வாதம் என்று சொல்லிக்கொள்ளலாம். மூக்கு போனது தெரிந்தால் என் டின்னுக்கும் சந்தையில் விற்கிற மற்ற டின்னுக்கும் என்ன வித்தியாசம்? இதை அழுத்தித்தான் எழுதுகிறேன். எழுத்து அப்படியும் வரி முடிவதற்குள் எறும்பு மாதிரி ஆகிவிடுகிறது.

மாரப்பன், "எங்கிட்டச் சொல்லோணுமுங்களா? ஒரு வருசமாத் தெரியுமுங்" என்றான்.

பிப்ரவரி 17, சனி

இதை முழுக்க எழுத வேண்டும்.

ராமாத்தாளை முன்னால் அனுப்பிவிட்டு வண்டியை நிறுத்திப் பூட்டி வந்தேன். மைதானத்துக்குக் கம்பிக் கேட் ஒன்று, ஒரு ஆள் நுழைகிற அகலம். அதற்கு நேராகக் கால் நின்றுவிட்டது. உள்ளே ஆட்டம் தொடங்கவில்லை. பின்னால் பெண்கள் இரண்டு பேர் வந்து, ஒதுங்கி நின்றேன் என்று நினைத்து என்னைச் சுற்றிப் போனார்கள். போன் பேசுவதுபோலக் காதில் வைத்துக்கொண்டேன். போன் தலைகீழாக இருந்தது.

"ஏந் தம்பி, நிக்கறீங்க?"

பழனாத்தாள். என்னோடு பேசுவதில்லை என்று இருந்தவள். என் காலைப் பார்த்தாள், கையைப் பார்த்தாள், போனைப் பார்த்தாள்.

"எங்க மயிலக் கெடேரிக் கன்னு இப்படித்தான் வாய்க்கா கண்டா நின்னுக்கும். இழுத்தா வராது. அடிச்சா உதைக்கும்" என்றாள். என் காதோரம் வந்து கையைத் தட்டத் தொடங்கினாள். ஒன்று, இரண்டு, ஒன்று, இரண்டு. கூடவே தன்னானே என்று இழுத்தாள்.

என் கால் தூக்கிக்கொண்டது. நான் தூக்கவில்லை. அதுவே தூக்கிக்கொண்டது. கேட்டைத் தாண்டி உள்ளே போனேன். அவள் தட்டிக்கொண்டே வந்தாள். நானும் நிற்கத் தெரியாமல் நேராக வட்டத்துக்குள்ளேயே போய்விட்டேன்.

"நெய்க்கடை வந்தாச்சு!" என்று கதிர்வேல் மைக்கில் சொன்னான். பிள்ளைகள் கத்தினார்கள். வெட்கமாக இருந்தது. திரும்பிப் போகலாம் என்று பார்ப்பதற்குள் மத்தளம் தொடங்கிவிட்டது. முன்னால் இரண்டு அடி, பின்னால் ஒரு அடி, குனிந்து ஒரு தட்டு, நிமிர்ந்து ஒரு தட்டு. எல்லாவற்றையும் தப்பாகச் செய்தேன். ஒரு ஏழாவது படிக்கிற பெண், "தாத்தா, வலது வலது" என்று கத்திக்கொண்டே இருந்தாள். ஆனால் ஒரு தரம்கூட நிற்கவில்லை. தெருவில் நடக்க வராத கால் இங்கே ஆட வருகிறது. இது என்ன கணக்கு என்று எனக்குப் புரியவில்லை.

முடிந்ததும் பழனாத்தாளிடம் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். அவள் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாள். ராமாத்தாள் வந்துவிட்டாள். கிளம்பிவிட்டோம்.

பிப்ரவரி 20, செவ்வாய்

போனேன். சட்டை முழுக்க வேர்வை. வேர்வை வாடையும் தெரியாது, அதில் ஒரு நிம்மதி.

பிப்ரவரி 25, ஞாயிறு

கதிர்வேல் கடைசிப் பத்து நிமிஷம் விளையாட்டு வைக்கிறான். பாட்டை நடுவில் மாற்றிவிடுவான், எல்லோரும் எதிர்ப்பக்கம் திரும்ப வேண்டும். தப்பாகத் திரும்புகிறவர்கள் நடுவில் போய் நொண்டி அடிக்க வேண்டும். இன்று நான் தப்பாகத் திரும்பிவிட்டேன். ஐந்து வயதுப் பொடியன் ஒருவனும் நானும் நடுவில் நொண்டினோம். அவன் விழுந்தான். நான் விழவில்லை! அவன் என்னை முறைத்தான். நான் இத்தனை சிரித்துக் கனகாலம் ஆகிறது.

ராமாத்தாள் வீட்டுக்கு வந்து முட்டியில் நல்லெண்ணெய் சூடு பண்ணித் தேய்த்துக்கொண்டிருந்தாள். வீங்கியிருக்கிறது. "ஆடுனா செரியாப் போகும்னயே?" என்றேன். "போகுமுங்க" என்றாள்.

மார்ச் 3, ஞாயிறு

ஆட்டத்தில் பழனாத்தாள் எனக்குப் பின்னால் வருகிறாள். கதிர்வேல் அப்படி நிறுத்தியிருக்கிறான். கால் தயங்கினால் தட்டுகிறாள். தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசுவதில்லை.

இன்று நானே, "ராமாத்தாளுக்கு முட்டி வீங்கிக் கெடக்குது, நின்னுக்கடின்னா கேக்கமாண்டீங்கறா" என்றேன்.

"நின்னுட்டா நீங்க வருவீங்களா?"

"நான் எதுக்கு வராம?"

"தம்பி, உங்க ஊட்டு அம்மணி மொத நாளு பேரு குடுத்தப்ப நான் பக்கத்துல நின்னேன். ரெண்டு பேரா எழுதுங்கன்னுதான் சொல்லுச்சு. அவரு வருவாரு, கொஞ்ச நாளாகும், சேருல உக்காந்திருப்பாரு, ஒண்ணுஞ் சொல்லாதீங்கன்னு வாத்தியாருகிட்டச் சொல்லுச்சு."

அவள் போய்விட்டாள். ஜனவரி இருபத்திரண்டு அன்று எனக்கே என் வியாதி தெரியாது.

வீட்டில் அதைப் பற்றி நான் கேட்கவில்லை. எண்ணெய்க் கிண்ணத்தை வாங்கி முட்டியில் தேய்த்துவிட்டேன். வலது கையால் தேய்த்தால் தானாகவே உருட்டுகிறது. "நல்லாத்தான் இருக்குது" என்றாள்.

மார்ச் 14, வியாழன்

இருபத்து நாலாம் தேதி அரங்கேற்றம். ஆண்களுக்கு மஞ்சள் சட்டை. ஊர் முழுக்க விளம்பரத் தட்டி வைத்திருக்கிறார்கள். அன்று சாப்பாடு ஆறுச்சாமி. ஊரில் எல்லா வியாபாரியும் குடும்பத்தோடு வருவான். என் கை அத்தனை வெளிச்சத்தில் என்ன ஆட்டம் ஆடும் என்று எனக்குத் தெரியும். பழகுவதற்கு மட்டும் வருகிறேன், அரங்கேற்றத்துக்கு இல்லை என்று கதிர்வேலிடம் சொல்லிவிட்டேன்.

மார்ச் 17, ஞாயிறு

சண்டை. நாற்பத்து மூன்று வருஷத்தில் ராமாத்தாள் இப்படிப் பேசியதில்லை.

"கை ஆடுனா ஆடட்டுமுங்க. கும்மியில எல்லாருக்குந்தான் கை ஆடுது."

"உனக்கென்ன தெரியும்? மூக்கு போச்சுன்னு தெரிஞ்சா ஒருத்தன் வாசப்படி மிதிக்கமாட்டான்."

"மிதிக்காட்டிப் போறான். உங்க பேரு கெட்டுருமுன்னு அந்த அக்கா பேரக் கெடுத்தீங்களே, அது? அவகிட்ட இப்ப ஒருத்தரும் வெண்ணெய் வாங்கறதில்ல, தெரியுமுங்களா? சென்னியப்பனே வேண்டாமுன்னுட்டாராமான்னு கேக்கறாங்களாமா. ஏழு எருமைல ரெண்ட வித்துப்போட்டா. அவதான் தினமும் உங்க காலுக்குக் கையத் தட்டறா."

தெரியாது. உண்மையிலேயே எனக்குத் தெரியாது. அவள் சொல்லவும் இல்லை.

பழனாத்தாளிடம் மறுபடி வெண்ணெய் எடுத்துக்கொள்கிறேன், இரண்டு மடங்கு எடுத்துக்கொள்கிறேன் என்றேன். ராமாத்தாள் என்னைப் பார்த்த பார்வையை எழுத முடியாது.

மார்ச் 19, செவ்வாய்

பழனாத்தாளிடம் தனியாகச் சொன்னேன். "நாளைலிருந்து வெண்ணெயக் கொண்டாக்கா. நடந்தத வுட்டுரு."

"எல்லாரு முன்னாலயும் வேண்டாமுன்னீங்க. இப்பக் கோயல் மூலைல வெச்சு வேணுமுங்கறீங்க. வேண்டாம் தம்பி" என்றாள். பின்னாலேயே நின்று ஆடினாள். கால் தயங்கியபோது தட்டவும் செய்தாள்.

மார்ச் 23, சனி

மஞ்சள் சட்டையை ராமாத்தாள் தேய்த்துக் கதவில் மாட்டி வைத்திருக்கிறாள். அவள் முட்டிக்குக் கோகிலா உறை வாங்கி அனுப்பியிருக்கிறாள்.

மார்ச் 24, ஞாயிறு

போட்டுக்கொண்டு போனேன்.

எதற்கு என்று கேட்டால் சரியான பதில் இல்லை. நாலு நாள் மாத்திரை சாப்பிட்டும் ஆடாமல் வீட்டில் உட்கார்ந்து பார்த்தேன். சேரிலிருந்து எழ இரண்டு பேர் தேவைப்பட்டது. அப்படியே போனால் அடுத்த வருஷம் எங்கே இருப்பேன் என்று தெரிந்துவிட்டது. அந்தப் பயம்தான் சட்டையை மாட்டிவிட்டது. தைரியம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

மைதானம் நிறைந்திருந்தது. சுற்றிலும் லைட். ஆறுச்சாமி ஓரத்தில் பந்தல் போட்டு அண்டாக்களை இறக்கிக்கொண்டிருந்தான். கடைத்தெருவே வந்திருந்தது. எனக்கு முன்னால் ராமாத்தாள், பின்னால் பழனாத்தாள். முதல் பாட்டு போயிற்று. இரண்டாவது போயிற்று. கை ஆடியதை யாரும் பார்த்ததாகத் தெரியவில்லை. எண்பது ஜோடிக் கை ஆடும்போது ஒரு கையை யார் பார்க்கப் போகிறார்கள்? தினைப்புனத்துப் பாட்டு வேகம் பிடித்தது. சின்னப் பையன்போல ஆடினேன் என்று நானே சொல்லிக்கொள்ளக்கூடாது. ஆனால் ஆடினேன்.

கரண்டு போயிற்று.

மைக் செத்தது. இருட்டில் மத்தளக்காரனும் நிறுத்திவிட்டான். என் கால் இருந்த இடத்தில் நின்றது. முன்னால் போனவர்கள் இரண்டு அடி தள்ளிப் போய் நின்றார்கள். பின்னால் வந்தவர்கள் ஒருவர்மேல் ஒருவர் மோதினார்கள். சத்தம், சிரிப்பு. அப்புறம் ஜனங்கள் போன் வெளிச்சத்தைப் போட்டார்கள். கதிர்வேல் வாயாலேயே, "வட்டம் கலையாதீங்க, அப்படியே போங்க!" என்று கத்தினான். முன்னால் இருந்தவர்கள் நகர்ந்தார்கள். எனக்கும் ராமாத்தாளுக்கும் நடுவில் இடைவெளி விழுந்தது. அந்த இடைவெளி எல்லோருக்கும் தெரிந்தது. போன் வெளிச்சமெல்லாம் மெல்ல என்மேல் வந்தது. பின்னால் பாதி வட்டம் எனக்காக நிற்கிறது.

தட்டுவாள் என்று காத்திருந்தேன். தட்டவில்லை.

"அக்கா" என்றேன்.

"சொல்லுங்க தம்பி" என்றாள், மிக மெதுவாக. "நீங்க சொல்லுங்க. அப்பறம் நான் தட்டறேன்."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. விலை சொல்கிற மாதிரிச் சொன்னாள். நானும் ஆயுசு பூராவும் அப்படித்தான் விலை சொல்லியிருக்கிறேன். குறைக்க மாட்டாள் என்று குரலிலேயே தெரிந்தது.

ராமாத்தாள் திரும்பி என்னைப் பார்த்தாள். கையைத் தட்ட அவளாலும் முடியும். அவளும் தட்டவில்லை.

"ஆறுச்சாமி!" என்று கத்தினேன். மைக் இல்லாத மைதானத்தில் அது எங்கெங்கோ போய் விழுந்தது. அண்டாப் பக்கமிருந்து, "அண்ணா?" என்றான்.

"அந்த நெய்க் காரலுக்குப் பழனாத்தா வெண்ணெய் காரணமில்ல. அவ வெண்ணெய் சுத்தம். நாந்தான் தீபாவளி டின்னக் கலக்கச் சொன்னேன். எனக்கு மூக்குல ஒண்ணுந் தெரியறதில்லடா. நடுக்குவாதம். கால் வேற நிக்குது. இப்ப நிக்குது பாரு, இதான்."

எங்கேயோ ஒரு கைக்குழந்தை மட்டும் அழுதது.

பிறகு பின்னால் தட்டுக் கேட்டது. ஒன்று, இரண்டு. ராமாத்தாள் தட்டினாள். எனக்கு வலது வலது என்று சொல்லிக்கொடுக்கிற பெண் தட்டினாள். வட்டம் முழுக்கத் தட்டத் தொடங்கியது, பாட்டில்லாமல், மத்தளம் இல்லாமல். கதிர்வேல் வெறும் வாயால் பாட்டை எடுத்தான். கால் கிளம்பிற்று.

கரண்டு வரும்வரை இருட்டிலேயே ஆடினோம்.

மார்ச் 28, வியாழன்

நாலு நாளாக எழுதவில்லை. வியாபாரம் பாதிக்கும் கீழே. ஈரோட்டுக்காரன் போனை எடுக்கவில்லை. ஆறுச்சாமி சித்திரை முகூர்த்தத்துக்குச் சொல்லியிருந்ததை நிறுத்தி வைத்திருக்கிறான். "கொஞ்ச நாள் பாக்கலாமுங்ணா" என்றான். அவன் இடத்தில் நான் இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன்.

ஒரே ஒரு மாற்றம். ராமாத்தாள் முட்டி இனி ஆடத் தாங்காது என்று ஆகிவிட்டது. அடுத்த கும்மிக்கு அவள் இல்லை. நான் மட்டும். பகலில் கடையில் எனக்குப் பக்கத்தில் உட்கார்கிறாள். வெண்ணெய் வந்தால் அவள் புறங்கையில் தேய்த்து மோந்து பார்க்கிறாள். நேற்று ஒருவன் கொண்டுவந்ததை, "ஃப்ரிட்ஜில கெடந்ததுங்க இது" என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள். அவன் என்னைப் பார்த்தான். நான் அவளைக் காட்டினேன். இத்தனை வருஷம் சமையலறையில் இந்த மூக்கு இருந்தது. நான் ஒரு நாளும் கேட்டதில்லை.

பழனாத்தாள் இன்று தூக்கோடு வந்தாள். ராமாத்தாள் மோந்து தலையை ஆட்டினாள். "தம்பி மோந்து பாக்கலீங்களா?" என்றாள் பழனாத்தாள். "வாயப் பாரு இவளுக்கு" என்றேன். மூன்று பேரும் சிரித்தோம். விற்ற எருமைகளைப் பற்றி நான் ஒன்றும் பேசவில்லை. என்ன பேசுவது என்று இன்னும் தெரியவில்லை.

மார்ச் 30, சனி

காலையில் தனியாகக் கடை திறக்கப் போனேன். ராமாத்தாள் பின்னால் வருகிறேன் என்றாள். ஷட்டரைத் தூக்கினேன். வாசற்படியில் கால் நின்றது. தெருவில் பால்காரர், பூக்காரி, எதிர்க்கடை மருந்துக்காரர் எல்லோரும் இருந்தார்கள். செருப்பைச் சரிசெய்யக் குனியலாம் என்று ஒரு நொடி தோன்றியது.

குனியவில்லை. கையை மேலே தூக்கிச் சத்தமாகத் தட்டினேன். வாயால் தன்னானேயும் போட்டேன். மருந்துக்காரர் எட்டிப் பார்த்தார். பூக்காரி சிரித்தாள். சிரிக்கட்டும் என்று இன்னும் ஓங்கித் தட்டினேன். கால் கிளம்பவில்லை. தட்டிக்கொண்டே இருந்தேன். பூக்காரி கூடையை இறக்கி வைத்துவிட்டு அவளும் தட்டினாள்.

உள்ளே போய்விட்டேன்.